கடைமடைக்கு நெட் வரவில்லை: வாசகர் கேள்வி பதில்

வீட்டுக் கம்ப்யூட்டரில் நெட் வராமல் தவிப்பவர்கள் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டாலும் போட்டோம், வந்து குவிந்துவிட்டது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று எல்லாம் நம் டெல்டா பக்கம்தான். பெரும்பாலும் வாட்ஸப்பில். ஒரே ஒருவர் இன்லாண்ட் லெட்டரில் எழுதி, "நெட் இருந்தால் வாட்ஸப்பில் அனுப்பியிருக்க மாட்டேனா" என்று கேட்டிருக்கிறார். நியாயம்தானே.

எல்லோரும் எழுதியிருப்பது ஒரே வாக்கியம்: நெட் வரவில்லை. இது வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற மாதிரி. மேட்டூரில் திறக்கவில்லையா, கல்லணையில் நம் பக்கம் பிரித்துவிடவில்லையா, ஆற்றில் வந்தும் மதகைத் தூக்கவில்லையா, வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதா, இல்லை பக்கத்து வயல்காரர் மடையை அடைத்துவிட்டாரா? கடைமடைக்காரர் கலெக்டருக்கு மனு எழுதுவதற்கு முன்னால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடந்து பார்ப்பார். எதுவரை தண்ணீர் நிற்கிறது, எங்கிருந்து காய்ந்து கிடக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நெட்டுக்கும் அதேதான். கம்ப்யூட்டர், அங்கிருந்து மோடம், மோடத்திலிருந்து தெரு, தெருவிலிருந்து கம்பெனி, அதற்கப்பால் உலகம். எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நோண்டுவதால்தான் சின்னக் கோளாறு பெரிய கோளாறாகிறது.

நீடாமங்கலம் வாசகி: வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். லேப்டாப்பில் வைஃபை கோடு முழுசாக இருக்கிறது, கனெக்டட் என்றும் காட்டுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை. மோடத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. நாலு முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். கஸ்டமர் கேரில் திரும்பவும் அதையே பண்ணச் சொல்கிறார்கள். அழுகையாக வருகிறது சார்.

அழாதீர்களம்மா, தப்பு உங்கள் லேப்டாப்பில் இல்லை. வைஃபை கோடு காட்டுவது உங்கள் லேப்டாப்புக்கும் மோடத்துக்கும் நடுவில் இருக்கிற பத்தடியை மட்டும்தான். அந்தப் பத்தடி நன்றாக இருக்கிறது, அதனால் கோடு முழுசாக இருக்கிறது. மோடத்துக்கு வெளியே என்ன ஆயிற்று என்பது அதற்குத் தெரியாது.

அந்தச் சிவப்பு விளக்கின் கீழே எல்.ஓ.எஸ். என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்து இருக்கிறதா பாருங்கள். லைன் பார்க்க வருகிற பையன்கள் அதை 'லாஸ்' என்பார்கள். ஃபைபரில் வருவது கரண்ட் இல்லை, வெளிச்சம். அந்த வெளிச்சம் மோடத்துக்கு வந்து சேரவில்லை என்பதுதான் சிவப்புக்கு அர்த்தம். பக்கத்திலேயே பி.ஓ.என். என்று ஒரு விளக்கு இருக்கும், அது பச்சையாக அசையாமல் நின்றால் ஃபைபர் சரி, கண் சிமிட்டிக்கொண்டே இருந்தால் கம்பெனியோடு சேர முயன்று முடியாமல் இருக்கிறது. லாஸ் சிவப்பாக இருக்கும்போது லேப்டாப்பை நூறு முறை ரீஸ்டார்ட் செய்தாலும் ஒன்றும் ஆகாது.

கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன்னால் வீட்டுக்குள் ஒன்றே ஒன்று பாருங்கள். மோடத்தின் பின்னால் வருகிற அந்த மெல்லிய ஒயர், மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருக்கும், எங்காவது மடங்கியிருக்கிறதா? உள்ளே இருப்பது கண்ணாடி இழை, அதில் வெளிச்சம் ஓடுகிற நடுப்பகுதி 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. சாதாரண ஒயர் மாதிரி மடித்து ரப்பர் பேண்டு போட்டால் வெளிச்சம் வளைவிலேயே கசிந்துவிடும். போகிக்கு வீடு ஒதுக்கும்போது பீரோவைச் சுவரோடு தள்ளி, பின்னால் இருந்த ஃபைபரை நசுக்கிவிட்டு, பொங்கல் மூன்று நாளும் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்த வீடு எனக்குத் தெரியும் (யார் வீடு என்று கேட்காதீர்கள், என் மனைவியும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாள்). ஒயரைக் கழற்றிப் பார்க்க நேர்ந்தால் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். உள்ளே லேசர் வந்துகொண்டிருந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். விரலாலும் தொடாதீர்கள், ஒரு கைரேகை போதும் அதை மறைக்க. திரும்பச் செருகும்போது 'டக்' என்று உட்கார வேண்டும்.

வீட்டுக்குள் எல்லாம் சரி என்றால் அறுந்தது தெருவில். நீடாமங்கலம் என்கிறீர்கள், அறுப்புக் காலம் வேறு. வைக்கோல் லாரி போன தடம் இருக்கிறதா என்று வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஈ.பி. போஸ்ட்டிலிருந்து போஸ்ட்டுக்குத் தொங்குகிற கேபிளை, மாடி வீட்டு உயரத்துக்கு வைக்கோல் ஏற்றிய லாரியோ, அறுப்பு மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிற லாரியோ இழுத்துக்கொண்டு போவது நம் பக்கத்தில் புதிதல்ல. மற்ற மாதங்களில் தென்னை மட்டை. தேரோடுகிற ஊர் என்றால் தேருக்கு முதல் நாள் அவர்களே கழற்றிவைப்பார்கள்; திருவாரூர் ஆழித்தேர் 96 அடி என்றால், நம் கேபிள் அதற்கு எந்த மூலைக்கு? அது கோளாறு இல்லை, தேர் நிலைக்கு வந்தபிறகு கட்டுவார்கள்.

இப்போது போன் போடுங்கள். "நெட் வரவில்லை" என்று சொல்லாதீர்கள், சொன்னால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்றுதான் அவர்கள் முன்னால் இருக்கிற தாளில் எழுதியிருக்கும். "லாஸ் சிவப்பு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாயிற்று, வீட்டுக்குள் ஃபைபர் மடங்கவில்லை, தெருவில் கேபிள் தொங்குகிறது" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். அப்போதுதான் ஃபைபரை ஒட்டுகிற மெஷினோடு ஆள் வருவார், இல்லாவிட்டால் வெறுங்கையோடு ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நாளைக்கு வேறு ஆள் வருவார் என்பார். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். அதைக் கொடுப்பது அவர்கள் கடமை. சொன்ன கெடுவுக்குள் சரியாகவில்லை என்றால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருப்பார், காசில்லாமல் அவருக்கு எழுதலாம், ஆனால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். நேரே டிராய்க்கு, அதாவது போன், நெட் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துகிற ஆணையத்துக்கு, எழுதிவிட்டேன் என்று சிலர் சொல்கிறார்கள். டிராய் தனி ஆள் புகாரை எடுத்து விசாரிப்பதில்லை.

கல்லூரி மாணவர், திருவையாறு: அண்ணா, எங்கள் வீட்டில் போனில் வைஃபை சூப்பராக வருகிறது. டெஸ்க்டாப்பில் மட்டும் நெட் இல்லை. அது லேன் கேபிளில் மோடத்தோடு இணைந்திருக்கிறது. கடையில் கேட்டால் விண்டோஸை ஃபார்மட் பண்ண வேண்டும் என்கிறார்கள். செமஸ்டர் ப்ராஜெக்ட் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

தம்பி, முதலில் அந்தக் கடைப் பக்கம் போகாதே. தலைவலி என்று போனால் தலையை எடுக்கலாம் என்று சொல்கிற வைத்தியம் அது.

உன் கடிதத்தின் முதல் வரியிலேயே பாதி விடை இருக்கிறது. அதே மோடத்தில் போனுக்கு நெட் வருகிறது. அப்படியானால் மோடம் முதல் மேலே எல்லாம் சரி. கோளாறு மோடத்துக்கும் உன் டெஸ்க்டாப்புக்கும் நடுவில், இல்லை டெஸ்க்டாப்புக்கு உள்ளே.

கேபிளிலிருந்து ஆரம்பி. சிபியூவின் பின்னால் கேபிள் செருகுகிற இடத்தில் குட்டியாக ஒரு விளக்கு மினுக்கும். இருட்டாகக் கிடந்தால் கேபிள்தான். லேன் கேபிள் முனையில் பிளாஸ்டிக்கில் சின்ன நாக்கு ஒன்று இருக்கும், அதுதான் உள்ளே பிடித்துக்கொள்கிறது. முதலில் உடைவது எப்போதும் அதுதான். உடைந்தபிறகும் கேபிள் உள்ளே செருகியிருப்பது போலவே தெரியும், ஆனால் நாற்காலி இடித்தால் இம்மி வெளியே வந்து நின்றுகொள்ளும். உள்ளே தள்ளி, விளக்கு வருகிறதா பார். வந்துவிட்டு, விட்டதும் போகிறது என்றால் முனை மாற்ற வேண்டும். கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்றும் பார். மோடத்தில் வேறு ஓட்டையில் செருகிப் பார். இன்னொன்றும் தெரிந்துகொள். அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பி. 100 எம்பிபிஎஸ்க்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அந்த நாலு போக மீதியில் ஒரு கம்பி அறுந்தால் பெரும்பாலும் நெட் சாகாது, 300 எம்பிபிஎஸ் ப்ளான் போட்டவருக்கு 95-லேயே நிற்கும். அவர் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார்.

விளக்கு எரிகிறது, இருந்தும் நெட் இல்லை என்றால் விண்டோஸ் தேடல் பெட்டியில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் அடி. கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்து எண்டர் தட்டு. ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியில் 192.168 என்றோ 10 என்றோ தொடங்குகிற எண் இருந்தால் மோடம் உன்னைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. 169.254 என்று தொடங்கினால் கதை வேறு: கம்ப்யூட்டர் மோடத்திடம் எனக்கு ஒரு எண் கொடு என்று கேட்டிருக்கிறது, பதிலே வரவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே ஒரு எண்ணைச் சூட்டிக்கொண்டது. பந்தியில் இலை போடாததால் தன் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தவன் மாதிரி. அதில் யாரும் சோறு போடமாட்டார்கள். மோடத்தை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, கேபிளை மாற்றிப் பார், முக்கால்வாசி அதிலேயே சரியாகும்.

எண் சரியாக இருந்தால் வாய்க்கால் கரையோடு நட. அதே கறுப்பு ஜன்னலில் டிஃபால்ட் கேட்வே என்று ஒரு எண் தெரியும், பெரும்பாலும் 192.168.1.1. பிங் (ping) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைப் போடு. ரிப்ளை என்று நாலு வரி வந்தால் மோடம் வரை தண்ணீர் இருக்கிறது. அடுத்து 8.8.8.8, அது கூகுளின் எண். அதற்கும் ரிப்ளை வந்தால் உலகம் வரைக்கும் வழி திறந்திருக்கிறது. இப்போது எண்ணுக்குப் பதிலாக கூகுள் மாதிரி ஒரு தளத்தின் பெயரைப் போட்டு பிங் பண்ணு. எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. பெயரை எண்ணாக மாற்றித் தருகிற டைரக்டரி அது. டைரக்டரி கிழிந்தால் போன் வேலை செய்தாலும் யாருக்குப் பேசுவது? நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 என்றும், மாற்றாக 1.1.1.1 என்றும் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

அப்புறம், காலேஜில் தடை செய்த தளத்தைப் பார்க்க விபிஎன்னோ ப்ராக்ஸியோ போட்டிருந்தாயா? இல்லை என்று சொல்லாதே. அதை எடுத்துவிட்டு ப்ராக்ஸி செட்டிங் ஆஃபில் இருக்கிறதா பார். இதெல்லாம் ஆனபிறகும் வரவில்லை என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் ரீசெட் என்று ஒன்று இருக்கிறது. உன் ப்ராஜெக்ட் ஃபைலைத் தொடாது, நெட் செட்டிங்குகளும் சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகளும்தான் போகும். ஃபார்மட் என்ற பேச்சே வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி: என் கம்ப்யூட்டர் பழையது, ஆனால் நன்றாக ஓடும். இப்போது தினமும் காலையில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று பயமுறுத்துகிறது. வைரஸா? மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்று இரவில் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்பேன்.

உங்கள் கேள்வியின் கடைசி வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன் சார், மன்னிக்கணும். வைரஸ் இல்லை. திரையின் வலது கீழ் மூலையில் தேதி பாருங்கள். 2009 என்றோ அந்த மாதிரி ஏதாவது பழைய வருஷம் என்றோ இருக்குமே?

கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது. சுவரில் கரண்ட் இருக்கும்வரை கடிகாரம் அந்தக் கரண்டிலேயே ஓடும், ஸ்விட்சை அணைத்தால் அந்த பேட்டரிதான் ராத்திரி முழுக்கக் கடிகாரத்தைத் தூங்காமல் வைத்திருக்க வேண்டும். அது தீர்ந்துபோனதால் காலையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது தான் பிறந்த வருஷத்துக்கே போய்விடுகிறது. பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும், அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். உங்கள் கம்ப்யூட்டருக்கு இன்னும் 2009, இந்த வருஷத்துச் சான்றிதழைக் காட்டினால் இது இன்னும் பிறக்கவே இல்லையே என்று சந்தேகப்படுகிறது. அது செய்வது சரிதான், நீங்கள் ஹாஜர் பட்டியலில் தேதி தவறாக இருந்தால் விட்டிருப்பீர்களா?

இன்றைக்குக் கையால் தேதியையும் நேரத்தையும் திருத்துங்கள், உடனே திறக்கும். நிரந்தரமாகச் சரியாக, சிஆர் 2032 என்று கேட்டு ஒரு பேட்டரி வாங்குங்கள், 3 வோல்ட், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி மாற்றினால் போதும். ஸ்விட்சை அணைக்கிற நல்ல பழக்கத்தை இதற்காக விட வேண்டாம்.

இன்னொன்று. பழைய கம்ப்யூட்டர் என்கிறீர்கள், விண்டோஸ் 10 என்றால் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. நெட் வருவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பென்ஷன் கணக்கை அதில் திறப்பீர்கள் என்றால் யாரிடமாவது கலந்து பேசுங்கள்.

கும்பகோணம் வாசகர்: எங்களுடையது தாத்தா காலத்து வீடு. மோடம் திண்ணையை ஒட்டிய ரேழியில். கம்ப்யூட்டர் இரண்டாங்கட்டில். கூடம் வரை வைஃபை வருகிறது, அதற்கப்புறம் வந்து வந்து போகிறது. ஐந்தாயிரம் ரூபாய்க்குப் புது ரவுட்டர் வாங்கச் சொல்கிறார்கள்.

ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். அந்தக் காலத்துச் செங்கல், சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய சுவர் ஒன்றரை அடி இருக்கும். ரேழி, கூடம், தாழ்வாரம், இரண்டாங்கட்டு என்று நாலு சுவரைத் தாண்டி வா என்றால் எந்த ரவுட்டரும் மூச்சு வாங்கும். நீளமான வீட்டின் ஒரு முனையில் மோடத்தை வைத்துவிட்டு மறுமுனைக்கு வரவில்லை என்பது, வாசல் விளக்கில் கொல்லையில் பேப்பர் படிக்க முடியவில்லை என்பது மாதிரி.

உங்கள் வீட்டிலேயே ஒரு வரம் இருக்கிறது, முற்றம். சுவரில்லாத திறந்தவெளி. மோடத்தையோ இரண்டாவதாக ஒரு வைஃபை பெட்டியையோ முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், தலைக்கு மேல் உயரத்தில், மழைச் சாரல் படாத இடத்தில் வைத்துப் பாருங்கள். கூடம், இரண்டாங்கட்டு இரண்டுக்கும் போகும். இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி இவற்றின் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். அழகாக இருக்க வேண்டும் என்று டிவி ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் பூட்டி வைக்கிற வீடுகள் நிறைய, தூசி படாது என்பது உண்மைதான், நெட்டும் படாது.

உங்கள் மோடம் இரண்டு பெயரில் வைஃபை கொடுக்கும், 2.4 ஒன்று, 5 என்று முடிவது ஒன்று. 5 வேகம், ஆனால் சுவரைக் கண்டால் நின்றுவிடும். 2.4 மெதுவாக இருந்தாலும் சுவரை ஓரளவு தாண்டும். இரண்டாங்கட்டுக் கம்ப்யூட்டரை 2.4-இல் சேருங்கள். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் அது தடுமாறினால் ஆச்சரியப்பட வேண்டாம், இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அலைவரிசை.

எல்லாவற்றையும்விட உறுதியான வழி, ரேழியிலிருந்து இரண்டாங்கட்டுக்கு ஒரு லேன் கேபிள். 100 மீட்டர் வரை இழுக்கலாம், உங்கள் வீடு அத்தனை நீளம் இருக்காது. கேபிளின் மறுமுனையில் சின்ன ரவுட்டரை வைத்தால் அங்கேயும் வைஃபை. ப்ளக்கில் செருகும் ரிப்பீட்டர் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மலிவானவை சிக்னலை வாங்குகிற அதே அலைவரிசையிலேயே திரும்பக் கொடுப்பதால் வேகம் பாதியாகிவிடும், அதையும் நடுக்கூடத்தில் வைக்காமல் சிக்னலே இல்லாத கொல்லையில் வைப்பார்கள் நம் ஆட்கள்.

திருவாரூர் வாசகி: நெட் மெதுவாக இருந்தது என்று என் பேரன் மோடத்தின் பின்னால் இருந்த ஓட்டையில் ஊக்கை விட்டுக் குத்திவிட்டான். அன்றிலிருந்து நெட்டே இல்லை, வைஃபை பெயரும் மாறிவிட்டது. ஆனால் பி.ஓ.என். விளக்கு பச்சைதான்.

அந்த ஓட்டை ரீசெட். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது முகம் கழுவுவது மாதிரி, ஊக்கால் குத்துவது மொட்டை அடிப்பது மாதிரி. கம்பெனிக்காரர் முதல் நாள் வந்து உள்ளே எழுதிவைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிட்டது. ஃபைபரில் வெளிச்சம் வருகிறது, அதனால் பச்சை, ஆனால் உள்ளே விட ஆளில்லை. போன் போட்டு "மோடம் ரீசெட் ஆகிவிட்டது, திரும்பக் கான்ஃபிகர் பண்ண வேண்டும்" என்று இந்த வார்த்தையிலேயே சொல்லுங்கம்மா. சில கம்பெனிகள் அங்கிருந்தபடியே போட்டுவிடுவார்கள், சில பேர் ஆள் அனுப்புவார்கள். ஆள் வந்தால் அந்த யூசர்நேமை ஒரு தாளில் எழுதி வாங்கி, காலண்டர் அட்டையின் பின்னால் ஒட்டிவையுங்கள்.

வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் பழையபடி அதே எழுத்து மாறாமல் வைத்துத் தரச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர், டிவி, போன் எல்லாம் தானாகவே ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றாக மறுபடி சேர்க்க வேண்டாம். பேரனைத் திட்டாதீர்கள், ஊக்கை மட்டும் ஒளித்து வையுங்கள்.

பட்டுக்கோட்டை வாசகர்: ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிவிடுகிறதே, என்ன மாயம்? தினம் நாலு முறை பண்ணுகிறேன்.

மோடமும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். நாள் முழுக்க யார் யாருக்கு எந்த எண், யார் எந்தத் தளத்தோடு பேசுகிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டே இருக்கிறது. கணக்கு குழம்பினால் கரும்பலகையை அழித்துப் புதிதாக எழுதுவதுதான் ரீஸ்டார்ட். அணைத்துவிட்டு உடனே போடாமல் அரை நிமிஷம் பொறுத்துப் போடுங்கள், உள்ளே மிச்சமிருக்கிற கரண்டும் வடிய வேண்டும். மாதத்தில் ஒருமுறை என்றால் சகஜம். தினம் நாலு முறை என்றால் மாயம் இல்லை, வியாதி.

முதலில் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டர்தான். பழசாகிவிட்டால் விளக்கெல்லாம் எரியும், ஆனால் பாரம் ஏறும்போது வோல்டேஜ் இறங்கி மோடம் தானாகவே அணைந்து எழும். என் வீட்டில் இரண்டு வாரம் ஒரு கம்பெனியோடு சண்டை போட்டுவிட்டு, கடைசியில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்த மல்டி ப்ளக்கில் அடாப்டர் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதெல்லாம் அதிர்ந்து ஒரு கணம் விட்டுப் பிடித்திருக்கிறது. புகார் எண் மூன்று வாங்கியிருந்தேன். திரும்பப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்கவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

ஒரத்தநாடு விவசாயி: நெல் கொள்முதலுக்குப் பதிவு பண்ண உட்கார்ந்தால் அந்தத் தளம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யூடியூப் ஓடுகிறது. எங்கள் நெட்டில் கோளாறா?

இல்லை அண்ணே. யூடியூப் ஓடினால் உங்கள் வாய்க்காலில் தண்ணீர் கரைபுரள்கிறது. ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் அந்தத் தளத்தின் பக்கம்தான் நெரிசல், அறுப்பு முடிந்து எல்லோரும் ஒரே வாரத்தில் உட்காருகிறார்கள் அல்லவா. உறுதி செய்துகொள்ள போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறங்கள். அதிலும் சுற்றினால் அவர்கள் பக்கம், விடியற்காலையில் முயன்று பாருங்கள். மொபைலில் திறந்து கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றால் மேலே திருவையாற்றுத் தம்பிக்குச் சொன்ன டிஎன்எஸ் மாற்றத்தைச் செய்யுங்கள். சிட்டா, அடங்கல் ஸ்கேன் எல்லாம் முன்னாலேயே தயாராக இருக்கட்டும், திறந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வேதாரண்யம் வாசகர் (இன்லாண்டில் எழுதியவர்): ஐப்பசி கார்த்திகை வந்தாலே எங்களுக்கு நெட் போய்விடும். கரண்ட் போனாலும் போகும். வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறது, மோடமும் அதில்தான் இருக்கிறது, இருந்தும் தெருவில் கரண்ட் போன மறுநிமிஷம் நெட்டும் போகிறதே?

கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை, உங்கள் ஊர்ப் பக்கம்தான் கரையைக் கடந்தது. அப்போது வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு நான் புயலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன், அது நல்ல கேள்வி.

இரண்டு விதமான ஃபைபர் லைன் உண்டு. ஒன்றில் கம்பெனி ஆபீஸிலிருந்து உங்கள் வீடு வரை நடுவில் கரண்டே தேவையில்லை. போஸ்ட்டில் தொங்குகிற பெட்டிக்குள் வெளிச்சத்தை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரித்துவிடுகிற கண்ணாடித் துண்டுதான் இருக்கும், அது கரண்டைக் கேட்காது. ஆபீஸில் ஜெனரேட்டர் ஓடி, உங்கள் வீட்டில் இன்வர்ட்டர் ஓடினால் தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் நெட் வரும். இன்னொன்றில், கேபிள் டிவிக்காரர் வழியாக வருகிற சில லைன்களில், தெருமுனையில் யார் வீட்டுச் சுவரிலாவது ஒரு பெட்டி இருக்கும், அதற்குள் ஸ்விட்ச், அதற்குக் கரண்ட் வேண்டும். அதோடு சேர்ந்துதான் உங்கள் நெட்டும் போகிறது என்று தோன்றுகிறது. ஆனால் ஒன்றைச் சோதித்துவிடுங்கள்: கரண்ட் போன நிமிஷம் மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். எல்லாம் ஒருமுறை அணைந்து திரும்ப எரிந்தால், இன்வர்ட்டர் மாறுகிற அந்தக் கண நேரத்தில் மோடம் செத்துப் பிழைக்கிறது, ரெண்டு மூணு நிமிஷத்தில் நெட் தானாக வந்துவிடும். மோடத்துக்கென்றே விற்கிற சின்ன யூபிஎஸ் போட்டால் அதுவும் தீரும். விளக்கு அசையாமல் எரிந்து, நெட் மட்டும் போனால் தெருமுனைப் பெட்டிதான், அந்த கேபிள்காரரிடம் பேட்டரி வைக்கச் சொல்லிக் கேளுங்கள், தெருவில் நாலு பேர் சேர்ந்து கேட்டால் வைப்பார்.

இடி மின்னல் என்றால் மோடத்தின் அடாப்டரையும் கம்ப்யூட்டர் ப்ளக்கையும் பிடுங்கிவிடுங்கள், ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. ஃபைபர் வழியாக மின்னல் ஏறாது, ஆனால் கரண்ட் லைன் வழியாக ஏறும். மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிற லேன் கேபிள் செம்பு, அதையும் கழற்றிவிட்டால் ஒன்று போனாலும் இன்னொன்று மிஞ்சும்.

நெட் போனபிறகு அவசரமாக ஏதாவது அனுப்ப வேண்டுமென்றால் போனை யூஎஸ்பி ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைத்து, போன் செட்டிங்கில் யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். ஹாட்ஸ்பாட்டைவிட இது பேட்டரியை மிச்சப்படுத்தும், போனும் கூடவே சார்ஜ் ஏறும். ஆனால் கம்ப்யூட்டரில் அந்த இணைப்பை மீட்டர்டு, அதாவது அளவோடு செலவழிக்க வேண்டியது, என்று குறித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் ஒரு நாள் டேட்டாவை விண்டோஸ் அப்டேட் ஒரே வாயில் விழுங்கிவிடும். செல்போன் டவரும் பேட்டரியிலும் டீசலிலும்தான் தாக்குப்பிடிக்கிறது, கரண்ட் போன முதல் சில மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டியதை அனுப்பிவிடுங்கள்.

உங்களுக்கு இந்தப் பதிலைத் தனியாக இன்லாண்டிலும் எழுதித் தபாலில் போட்டிருக்கிறேன். இதழ் வருவதற்குள் கிடைத்துவிடும்.